ஊமைப் பெட்டியும் ஒலியோட்டியும்

தருமபுரி நகரினின்றும் ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில், கிழக்குத்தொடர்ச்சி மலையின் ஒரு கிளையாய் வத்தல்மலை நிற்கின்றது. இருபதுக்கு மேற்பட்ட கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால், காப்பியும் மிளகும் நிழலிலே வளர, சாமையும் கேழ்வரகும் வெயிலிலே விளைய, மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள் சிற்றூர்கள் பலவற்றில் வாழ்ந்து வருதலைக் காணலாம். பெயரைக் கேட்டு இவர்களைக் கேரள நாட்டினரென்று மயங்குதல் வேண்டா. மலையை ஆள்வோர் என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். அவர்கள் பேசுவது தமிழே. சென்ற விடுமுறையில் யாம் அறுவர், எம் கல்லூரிச் சமூக சேவைக் குழுவின் சார்பாக, அம்மலையிலுள்ள பெரியூரில் நான்கு நாட்கள் தங்கியிருந்தோம். ஆங்கு நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

எம்முடன் வந்தவருள் ஒருவர் சரித்திர வகுப்பு மாணவர். பிறவியிலேயே கண்பார்வை இல்லாதவர். அவரிடம் ஒரு மடிக்கணினி உண்டு. வேறொருவர் பயன்படுத்திக் கழித்ததனை மலிந்த விலைக்கு வாங்கி, அதிலே விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் என்னும் இயக்க முறைமையை அமைத்திருந்தார். திரையில் உள்ள எழுத்துகளை ஓர்க்கா என்னும் நிரல் வாசித்துச் சொல்ல, அதனைக் காதாற் கேட்டே அவர் படிப்பார், எழுதுவார். அவ்வூரில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் இருந்தார். காஞ்சிபுரத்தினின்றும் அண்ணன் தம்பிமார் மூவர் புறப்பட்டு மலைநாடு புகுந்தனர் என்னும் அம்மக்களின் பழங்கதையை, இரவெல்லாம் பாடக்கூடிய பாட்டாக அவர் நெஞ்சிலே வைத்திருந்தார். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அவர் பாடியதனை நம் நண்பர் தம் கணினியிலே பதிவு செய்தார். மறுநாள் இரவு பள்ளிக்கூடத்தின் முன் ஊரார் திரண்டனர். பாட்டியும் முன்வரிசையில் வந்தமர்ந்தார். பதிவை ஓடவிட்டோம். திரையிலே ஒலியலைகளின் உருவம் நெளிந்து நெளிந்து ஓடிற்று; ஒலியோ சிறிதும் எழவில்லை. ஒலியளவை உச்சத்திற்கு ஏற்றினோம். கணினியை நிறுத்தி மீண்டும் தொடங்கினோம். பெட்டி ஊமையாகவே இருந்தது.

"என் கொரல எங்க கண்ணு ஒளிச்சு வெச்சீங்க?" என்று பாட்டி வினவினார். ஊரார் சிரித்தனர். எமக்குச் சிரிப்பு வரவில்லை.

செய்வதறியாது யாம் கண்களால் திரையைத் துருவிக்கொண்டிருக்க, நண்பரோ தம் பையைத் தடவி, செவியில் மாட்டும் ஹெட்ஃபோனை எடுத்துச் செருகினார். அதிலே பாட்டியின் குரல் தெளிவாகக் கேட்டது! விடுதியிலே பிறர் உறக்கம் கெடாதிருத்தற்பொருட்டு அவர் எப்போதும் ஹெட்ஃபோனையே பயன்படுத்துபவர். ஆதலின் தம் கணினியின் ஒலிபெருக்கி என்றுமே பேசியதில்லை என்பதனை அவர் அன்றுவரை அறிந்திலர். அன்றிரவு ஊரார் ஒருவர்பின் ஒருவராக வந்து, அந்த ஒற்றைக் கருவியைச் செவியில் வைத்துச் சிறிது சிறிதாகக் கேட்டுச் சென்றனர். பாட்டிதான் முதலிற் கேட்டார். ஊர் முழுதும் ஒருங்கே கேட்கவேண்டுமென்று அவர் கொண்டிருந்த ஆசை நிறைவேறவில்லை.

ஒரே இயந்திரம் ஒரு வாயாற் பேசி, மற்றொரு வாயால் ஊமையாயிருத்தற்குக் காரணம் யாது? இவ்வினா எம்மை விடவில்லை. கல்லூரிக்கு மீண்டபின் கணினி வகுப்பு நண்பர்களை வினவியும், அவர்கள் காட்டியவற்றைப் படித்தும் யாம் அறிந்துகொண்டவற்றை ஈண்டு எழுதுகின்றோம். தமிழ் வகுப்பினர் கணினி நூல் உரைக்கப் புகுந்தமையை அத்துறை ஆசிரியர்கள் பொறுத்தருள்வார்களாக.

கணினியில் யாம் காண்பன எல்லாம் மேற்பரப்பே. பாட்டு இசைக்கும் நிரலாயினும் கடிதம் எழுதும் நிரலாயினும், எதுவும் இயந்திரத்தின் உறுப்புகளைத் தானே நேரில் தொடுவதில்லை. இடையிலே கெர்னல் என்னும் உட்கரு ஒன்று உளது. நினைவகத்தைப் பங்கிட்டுத் தருவதும், எந்த நிரல் எப்போது ஓடவேண்டுமென முறை வகுப்பதும், விசைப்பலகை, திரை, ஒலிக்கருவி முதலியவற்றோடு பேசுவதும் அதன் தொழில். கருவிகளோ தத்தமக்கென ஒரு மொழி உடையன. ஆதலின் ஒவ்வொரு கருவிக்கும் அதன் மொழியறிந்த ஒரு பகுதி கெர்னலினுள் அமைந்திருக்கும். அப்பகுதியை ஆங்கிலத்தில் டிரைவர் என்பர். தேரோட்டி, படகோட்டி என்பனபோல யாம் அதனை ஓட்டி என்றும், ஒலிக்குரியதனை ஒலியோட்டி என்றும் வழங்குவோம்.

ஒலியோட்டியின் வேலை எளிதன்று. ஒலியைக் கணினி எண்களாகவே அறியும். பொதுவாக ஒரு நொடிக்கு 48,000 முறை ஒலியலையின் உயரத்தை அளந்து, ஒவ்வோர் அளவையும் இரண்டு பைட்டுகளாக எழுதுவர். இடம் வலம் என இரு செவிக்கும் கணக்கிட்டால் நொடிக்கு 1,92,000 பைட்டுகள் ஆகும். இவ்வெண்கள் இடையறாது சென்றுகொண்டே இருத்தல் வேண்டும். சக்கரத்தைச் சுற்றிச் சால்களைக் கட்டி நீரிறைக்கும் பழைய ஏற்பாட்டை மனத்திற் கொள்க. நிரல் ஒருபுறம் நின்று சால்களை நிரப்புகின்றது. ஒலிக்கருவி மறுபுறம் நின்று அவற்றைக் கவிழ்த்துக்கொள்கின்றது. சில சால்கள் தீர்ந்தவுடன் கருவி மணியடித்துக் கெர்னலுக்கு அறிவிக்கும். நிரல் மேலும் நிரப்பும். நிரப்புவோன் சற்றே பிந்தினால் வெறுஞ்சால் வரும். திரையில் ஒரு படம் இமைப்பொழுது பிந்தி வந்தால் கண் அதனைப் பொறுத்துக்கொள்ளும், செவி பொறாது. 'டப்' என்ற ஓர் ஓசை போதும், பாட்டின் சுவை கெடுதற்கு. சால்களைப் பலவாக வைத்தால் இக்குறை நீங்குமன்றோ எனின், நீங்கும். ஆனால் விசையை அழுத்தியபின் ஒலி வருதற்குக் காலம் நீளும். திரையைச் செவியாற் படிக்கும் எம் நண்பர் போன்றார்க்கு அக்காலநீட்சி, ஒவ்வோர் எழுத்துக்கும் முன் ஒரு சுவர் நிற்பது போன்றது.

இனி லினக்ஸின் வரலாற்றைச் சிறிது காண்போம். 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதனைத் தொடங்கினார். அதற்கு முதலில் ஒலி தந்தவரும் அந்நாட்டினரே. ஹன்னு சவோலைனென் என்பவர். 1998-ஆம் ஆண்டளவில் செக் நாட்டைச் சேர்ந்த யாரோஸ்லாவ் கைசேலா என்பவர், பழைய ஓட்டிகளின் குறைகளைக் கண்டு, அல்சா என்னும் புதிய ஒலியமைப்பை வகுக்கலானார். அது 2002-ஆம் ஆண்டில் கெர்னலினுள் புகுந்து, 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 என்னும் பதிப்பு முதலாக லினக்ஸின் ஒலிக்கு அடிப்படையாயிற்று. அதனைக் கைசேலாவோடு சேர்ந்து பேணிவருபவருள் தலையாயவர் தக்காஷி இவாய். இவர் சூசி என்னும் ஜெர்மானிய நிறுவனத்தில் ஊதியம் பெற்று, இருபதாண்டுகளுக்கு மேலாக இவ்வொரு பணியையே செய்து வருகின்றார். நம் தமிழ்நாட்டரசின் எல்காட் நிறுவனம் 2007-ஆம் ஆண்டையொட்டித் தன் கணினிகளை அந்தச் சூசி லினக்ஸுக்கு மாற்றிக்கொண்டதென்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

எழுதியவரினும் பேணுபவரையே யாம் மிகுத்துக் கூறுதற்குக் காரணம் உண்டு. ஓட்டி ஒரு முறை எழுதி முடித்துப் பெட்டியிற் பூட்டிவைக்கும் பொருளன்று. அதற்குக் காரணம் கருவிகளின் இயல்பு.

2004-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் கணினி ஒலிக்கென ஒரு பொதுவிலக்கணத்தை வெளியிட்டது. 'உயர்தர ஒலி' என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டனர். இவ்விலக்கணத்தின்படி கணினியினுள் கோடெக் எனப்படும் ஒரு சில்லு இருக்கும். அச்சில்லினுள் பல முடிச்சுகள் உண்டு: எண்ணை ஒலியாக்கும் முடிச்சு, ஒலிகளைக் கலக்கும் முடிச்சு, வெளியே கம்பி செல்லும் முடிச்சு எனப் பலவகை. ஓட்டி அச்சில்லை நோக்கி, 'உன்னிடம் எத்தனை முடிச்சுகள் உள? எது எதனோடு இணைந்துளது? எந்த வாயிலில் ஒலிபெருக்கி, எதில் ஹெட்ஃபோன்?' என வினவலாம், சில்லு விடையிறுக்கும். அவ்விடையைக் கொண்டு ஓட்டி தானே வழியமைத்துக்கொள்ளும். ஒரே ஓட்டி உலகத்து மடிக்கணினிகள் அனைத்திற்கும் போதுமன்றோ என்று யாரும் நினைப்பர்.

நடைமுறை அவ்வாறில்லை. சில்லைச் செய்வோர் ஒருவர். அதனை வாங்கிக் கணினியில் பதிப்போர் பலர். ஒருவர் ஒலிபெருக்கியை ஒரு வாயிலில் இணைப்பார்; மற்றொருவர் வேறொன்றில் இணைப்பார். வாயிலில் இன்னது உளது என்று எழுதிவைக்கும் குறிப்பைச் சிலர் பிழைபட எழுதுவர். சிலர் எழுதாமலே விடுவர். வேறு சிலர் ஒலிபெருக்கிக்கு முன்னே தனியானதொரு வலுவூட்டியை வைத்து, அதனை இயக்கும் விசையைச் சில்லின் ஒரு மூலையிலே ஒளித்து வைப்பர். அவ்விசையைத் தட்டாதவரை ஒலிபெருக்கி வாய்திறவாது. அவர்கள் வேறோர் இயக்க முறைமைக்குத் தம் ஓட்டியைத் தாமே எழுதி உடன் தந்துவிடுதலால், அம்முறைமையில் எல்லாம் செவ்வனே நடக்கும். லினக்ஸுக்கோ அம்மூலை எதுவென்று சொல்வாரில்லை.

இலக்கணம் பயிலும் எமக்கு இந்நிலை புதிதன்று. பொதுவிதி கூறியபின், அதற்கு அடங்காதவற்றைப் புறனடையாற் கூறுதல் நூலோர் மரபு. லினக்ஸின் ஒலியோட்டியிலும் நீண்டதொரு புறனடைப் பட்டியல் உளது. ஒவ்வொரு கணினிக்கும் செய்தவர் எண், வகையெண் என இரண்டு எண்கள் உண்டு. 'இவ்வெண்ணுடைய கணினியாயின் இவ்விசையைத் தட்டுக; இவ்வெண்ணுடையதாயின் இவ்வாயிலை ஒலிபெருக்கியென்று கொள்க' என்று வரிவரியாக அப்பட்டியல் செல்லும். ரியல்டெக் என்னும் நிறுவனத்தின் சில்லுகளுக்கென இருந்த ஓட்டிக் கோப்பு ஒன்றே பதினாயிரம் வரிகளுக்கு மேல் வளர்ந்துவிட்டது. 2025-ஆம் ஆண்டில் இவாய் அதனைச் சிறு கோப்புகளாகப் பிரித்து ஒழுங்குபடுத்தினார். தொல்காப்பியத்துக்கு இத்தனை புறனடை இருந்திருந்தால் எம் வகுப்பில் யாரும் தேறியிரார் என்று நண்பர் ஒருவர் நகைத்தார்.

இங்கேதான் பேணுவோரின் இடர்ப்பாடு தெளிவாகத் தோன்றும். ஆயிரக்கணக்கான கணினிவகைகளை அவர் விலைகொடுத்து வாங்கிவைத்தல் இயலுமோ? இயலாது. பட்டியலில் உள்ளவற்றிற் பெரும்பாலானவற்றை அவர் கண்ணாற் கண்டதுமிருக்காது, காதாற் கேட்டதுமிருக்காது. நோயாளியைக் காணாது, அவன் எழுதிய கடிதத்தை மட்டும் கொண்டு மருந்து கூறும் வைத்தியரின் நிலை அவர் நிலை. கடிதம் செம்மையாயின் மருந்தும் செம்மையாகும். 'என் கணினியில் ஒலி வரவில்லை' என்று மட்டும் எழுதுவோர் உலகெங்கும் பலர். அதனைக் கொண்டு எவரும் எதுவும் செய்தல் ஒண்ணாது. ஹெட்ஃபோனில் வருகின்றதா? ஒலிபெருக்கியில் மட்டும் இல்லையா? கணினியை உறங்கவைத்து எழுப்பியபின் வருகின்றதா? முன்னர் வந்து பின்னர் நின்றதா, என்றுமே வந்ததில்லையா? வேறொரு முறைமையை ஓட்டிவிட்டு இதற்கு வந்தால் வருகின்றதா? இவற்றிற்கு விடை எழுதி, சில்லு தன்னைப்பற்றிக் கூறும் முடிச்சு விவரம் முழுவதையும் திரட்டி இணைத்து அனுப்பினால், கடல்கடந்த நாட்டில் இருப்பவர் அதனைப் படித்து, 'இன்ன முடிச்சில் இன்ன விசையைத் தட்டிப் பாரும்' என்று மறுமொழி விடுப்பார். இவ்விவரங்களைத் திரட்டுதற்கென்றே அல்சா குழுவினர் ஒரு சிறு நிரலையும் ஆக்கி வைத்துள்ளனர். ஆகவே பேணும் தொழில் இருவரது. ஒருவர் அறிவுடையவர், மற்றவர் கருவியுடையவர். இரண்டாமவர் வாய்மூடியிருந்தால் முதலாமவர் கைகட்டியிருத்தலன்றி வேறு வழியில்லை.

எம் நண்பரின் கணினிக்கு வருவோம். கணினி வகுப்பு மாணவி ஒருவர் அதன் முடிச்சு விவரத்தை ஒரு மாலைப்பொழுது முழுதும் இருந்து படித்தார். ஒலிபெருக்கி வாயில் சரியாகவே காட்டப்பட்டிருந்தது, வழியும் திறந்தேயிருந்தது, ஒலி அதுவரை சென்றது. எனவே அதற்கப்பால் வலுவூட்டி ஒன்று உறங்குகின்றது என ஊகித்தார். சில்லுக்கு நேராகக் கட்டளை அனுப்பும் ஒரு சிறு கருவிநிரல் உண்டு. அதனாலே, பொதுப்பயனுக்கென விடப்பட்ட விசைகளுள் முதலாவதை எழுப்பினார், ஒன்றும் நிகழவில்லை. இரண்டாவதை எழுப்பினார். 'டப்' என்றோர் ஓசை. அடுத்த கணம் பாட்டியின் குரல் அறை முழுதும் நிறைந்தது. செவியைச் சாய்த்து அமர்ந்திருந்த நண்பர் எழுந்து நின்றுவிட்டார். யாம் அதுகாறும் கேட்ட இசையில் அந்த 'டப்' ஓசையினும் இனியது இல்லை என்றால் மிகையாகாது.

கண்டவாறே கட்டளைகளை ஏவிப் பார்த்தல் தீங்கற்றதன்று என்பதனையும் சொல்லவேண்டும். இக்காலத்து ஒலிபெருக்கிகள் மிகச் சிறியன. அளவுக்கு மீறிய வலுவைச் செலுத்தினால் அவற்றின் உட்சுருள் வெந்துபோகும். ஆப்பிள் மடிக்கணினிகளில் லினக்ஸை அமைக்கப் புகுந்த அசாஹி லினக்ஸ் குழுவினர், சுருளின் வெப்பத்தை இடையறாது கணக்கிட்டு, மிகுமாயின் ஒலியைக் குறைக்கும் காவல்நிரல் ஒன்றை எழுதி முடிக்கும்வரை ஒலிபெருக்கிகளைத் திறந்துவிடவே இல்லை. பலர் அவசரப்படுத்தியும் அவர்கள் இணங்கவில்லை. அவர்கள் செய்தது முறையே என்பது எம் கருத்து.

ஒரு கணினியில் விசையைக் கண்டுவிட்டால் வேலை முடிந்ததோ? அந்தக் கணினிக்கு முடிந்தது. அதே வகைக் கணினியை வைத்திருக்கும் பிறர்க்கு முடியவில்லை. புறனடைப் பட்டியலில் ஒரு வரி ஏறவேண்டும். அவ்வொரு வரியை ஏற்றுதற்கும் ஒரு முறை உண்டு. குறை யாது, திருத்தம் யாது, ஏன் என்பதனைத் தெளிய எழுதி, 'இதனை யானே எழுதினேன். தருதற்கு எனக்கு உரிமையுண்டு' எனப் பிறரறிந்த தம் அடையாளத்தோடு உறுதிமொழி இட்டு அனுப்புதல் வேண்டும். இவ்வுறுதிமொழி 2004-ஆம் ஆண்டு முதல் வழக்கிலுள்ளது. பேணுபவர் படிப்பார்; ஐயுறுவார்; திருத்தச் சொல்வார்; ஏற்றபின் டோர்வால்ட்ஸுக்கு அனுப்புவார். ஒவ்வொரு புதுப்பதிப்புக்கும் முதல் இரண்டு வாரங்கள் புதியன புகுத்தற்குரியன. பின்வரும் ஏழெட்டு வாரங்கள் பிழைநீக்கத்திற்கு மட்டும் உரியன. புறனடை வரி சிறிதாகலின் பெரும்பாலும் பிழைநீக்கமாகவே கொள்ளப்பட்டு, பழைய பதிப்புகளுக்கும் பின்னோக்கிச் செலுத்தப்படும்.

ஒரு வரிக்கு இத்துணை ஐயம் ஏன் என்று எம்மவர் சிலர் கேட்டனர். இரண்டு வேறு கணினிகள் ஒரே எண்ணைத் தாங்கி வருதலும் உண்டு. ஒன்றினுக்கு வாய்திறக்கும் கட்டளை மற்றொன்றினுக்கு வாய்மூடும் கட்டளையாகலாம். நேற்றுவரை பேசிய கணினி இன்று புதுப்பதிப்பை ஏற்றவுடன் ஊமையாதல் பேணுபவர்க்குப் பெரும்பழி. புதியது ஒன்று வேலை செய்யாதிருத்தலைப் பொறுத்தாலும், பழையது ஒன்று கெடுதலைப் பொறுத்தல் ஆகாது என்பது டோர்வால்ட்ஸ் கெர்னலுக்கு விதித்திருக்கும் கண்டிப்பான நெறி. அவ்வாறு கெட்டுவிடின், கெடுத்த திருத்தத்தைக் கண்டுபிடித்தற்கு அழகியதொரு வழி உண்டு. ஒரு பதிப்புக்கும் அடுத்த பதிப்புக்கும் இடையே பதினாயிரத்துக்கு மேற்பட்ட திருத்தங்கள் இருக்கும். நடுவிலுள்ள திருத்தம்வரை மட்டும் கொண்டு கெர்னலை ஆக்கிப் பார்ப்பர். ஒலி வந்தால் பிழை பிற்பாதியில், வாராவிடின் முற்பாதியில். அப்பாதியையும் இரண்டாக்குவர். இவ்வாறு பதினான்கு முறை பிளந்தால் 16,384 திருத்தங்களுள்ளும் குற்றமுடையது ஒன்று அகப்படும். இவ்வேலையையும் கருவியுடையவரே செய்யவேண்டும். அவர் வீட்டில்தானே கணினி இருக்கின்றது.

கைப்பேசிகளின் கதை வேறு. அவற்றிலே கோடெக் ஒரு நிறுவனத்தினது, செயலி மற்றொன்றினது, இணைப்பு மூன்றாவதொன்றினது. மார்க் பிரவுன், லியாம் கெர்ட்வுட் என்போர் பேணும் பகுதி இம்மூன்றையும் தனித்தனி ஓட்டிகளாகப் பிரித்து, வேண்டியவாறு பொருத்திக்கொள்ள வழிசெய்கின்றது. நம் நாட்டினராகிய வினோத் கௌல் என்பவர், சுருக்கிய ஒலியைச் சில்லுக்கே நேராக அனுப்பும் முறையையும், சவுண்ட்வயர் என்னும் இணைப்புக்குரிய பகுதியையும் கெர்னலிற் சேர்த்துப் பேணுபவராய் இருந்துள்ளார். இப்பகுதி பரந்தது, இதனை விரிக்கின் பெருகும்.

கெர்னலோடு ஒரு பெயர்ப்பட்டியல் சேர்ந்து வருகின்றது. ஒவ்வொரு பகுதியையும் பேணுபவர் யாவர், அவர் முகவரி யாது, அப்பகுதியின் நிலை யாது என அதிற் காணலாம். ஊதியத்தோடு பேணப்படுவது என்றும், பேணப்படுவது என்றும், அவ்வப்போது மட்டும் கவனிக்கப்படுவது என்றும் நிலைகள் பலவாம். அவற்றுள் ஒன்றைப் படித்தபோது எம் மனம் திடுக்கிட்டது. பேணுவோர் இல்லாத பகுதிக்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர் 'அநாதை' என்பதே. அநாதையான ஓட்டி உடனே சாவதில்லை. கெர்னலின் பிற பகுதிகள் மாறிக்கொண்டே செல்ல, அதுமட்டும் நின்ற இடத்தில் நிற்கும், ஒருநாள் பொருந்தாமற்போகும், பயன்படுத்துவோர் இருக்கின்றனரா என்று வினவுவர், விடை வாராவிடின் நீக்குவர். சவோலைனென் வழிவந்த பழைய ஒலியோட்டிகளும் 2018-ஆம் ஆண்டுக்குள் இவ்வாறே கெர்னலினின்று நீக்கப்பட்டன. அவற்றின் இடத்தை அல்சா முன்னரே கொண்டுவிட்டமையின் அது தக்கதே. தேவையற்றதனைச் சுமத்தலும் பேணுதல் ஆகாது. ஆனால் வினவியபோது விடைகூறத் தெரியாதவர் கையில் ஒரு பழங்கணினி இருந்ததாயின், அவர் பக்கம் பேசுவார் யார்?

இக்கேள்வி நமக்கு அயலானதன்று. 2011 செப்டம்பரில் தமிழ்நாட்டரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. சென்னைச் சி-டாக் நிறுவனம் ஆக்கிய பாஸ் என்னும் லினக்ஸ் வகையும் அவற்றில் இடம்பெற்றிருந்தது. அவ்வாறு பெற்ற கணினிகள் அண்ணனிடமிருந்து தம்பிக்கும், தம்பியிடமிருந்து அண்டைவீட்டாருக்கும் கைமாறி இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. செய்தவர் மறந்துவிட்ட இயந்திரத்தைப் பேசவைப்பது, முகமறியாத ஒருவர் இன்றும் கலைக்காது வைத்திருக்கும் ஒரு வரியே. வசதியுடையார் ஒலி நின்றால் புதுக்கணினி வாங்குவர். எம் நண்பர் போன்றார்க்கு ஒலி நின்றால் திரையே இருண்டுவிடும்.

அவர் கணினியில் அவ்விசை தானே தட்டப்படுமாறு ஓர் அமைப்பை எழுதி வைத்திருக்கின்றோம். அது தற்காலிக மருந்து. பட்டியலில் ஏறவேண்டிய வரியை மாணவி எழுதியுள்ளார். அதன்மேல் எழுதவேண்டிய விளக்கத்தை ஆங்கிலத்தில் எழுதும் பொறுப்பு, தமிழ் வகுப்பினர் நன்றாக எழுதுவர் என்ற தவறான நம்பிக்கையால், எம்மிடம் விடப்பட்டது. மூன்று முறை எழுதிக் கிழித்தோம். 'ஹெட்ஃபோனில் ஒலி உண்டு, ஒலிபெருக்கியில் இல்லை, இரண்டாம் விசையை எழுப்பியபின் இரண்டிலும் உண்டு' என்ற மூன்று தொடர்களே முடிவில் எஞ்சின. உறங்கவைத்து எழுப்பியபின்னும் ஒலி நிலைக்கின்றதா என்பதனை நண்பர் ஒரு வாரமாகச் சோதித்து வருகின்றார், நேற்றுவரை நிலைத்தது. இவ்வாரம் கடந்தபின் கடிதம் செல்லும்.

பாட்டிக்குச் செய்தி அனுப்பியிருக்கின்றோம். சாமை அறுப்புக்கு முன்னே பெட்டியோடு வரவேண்டுமென்றும், இம்முறை பால்சிலம்பிலுள்ள தம் மகளையும் அழைத்து வைப்பதாகவும் அவர் சொல்லியனுப்பியுள்ளார்.